ஜூம் மாறினால் அளவும் மாறுகிறது: ஆட்டோலிஸ்ப் தலைவலி

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை அளந்து ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தூண்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் அளவுக்கோடு போட்டு அலுத்துப்போய், தூண்களைத் தேர்ந்தெடுத்தால் மையத்துக்கு மையம் அளவு விழும்படி ஆட்டோகேடுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான ஆட்டோலிஸ்பில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.

அளவு விழுந்தது. ஆனால் 7 அடி வர வேண்டிய இடத்தில் 7 அடி 3 அங்குலம்! கணக்கு தப்போ என்று புள்ளிகளை பிரின்ட் செய்து பார்த்தால் எல்லாம் சரி. அதே எண்களைக் கையால் டைப் செய்தாலும் சரியாக விழுகிறது. டிமென்ஷன் ஸ்டைலை (அளவுக்கோட்டின் அமைப்பை) மாற்றினேன், புது ஃபைலில் ஓட்டினேன், பலனில்லை.

துப்பு கிடைத்தது ஜூமில். தூண் பெரிதாகத் தெரியும்போது ஓட்டினால் அளவு சரி, முழு வளவும் திரையில் இருந்தால் தப்பு. கொடுக்கும் புள்ளியைப் பக்கத்திலுள்ள மூலை, மையம் போன்ற இடத்துக்கு ஒட்டவைக்கும் வசதிதான் ஆப்ஜெக்ட் ஸ்னாப்; அதன் எல்லை திரையின் பிக்சல் கணக்கு. படம் சிறுத்தால் தூணடிக் கல்லின் மூலையும் அதற்குள் வந்துவிடும். ஸ்கிரிப்டிலிருந்து ஆட்டோகேடுக்குக் கட்டளை அனுப்பும் 'கமாண்ட்' ஃபங்ஷன் கொடுக்கும் புள்ளியை ஸ்னாப் பேசாமல் அந்த மூலைக்கு இழுத்துக்கொள்கிறது.

ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஸ்னாப் அமைப்பைக் குறிக்கும் ஆஸ்மோட் (OSMODE) மதிப்பை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஸ்னாப் அணையும்படி அதை 0 ஆக்கினேன், முடிவில் பழைய மதிப்பைத் திருப்பிப் போட்டேன். தீர்ந்தது, அப்பாடா! நடுவில் எஸ்கேப் அழுத்தினால் ஸ்னாப் அணைந்தே கிடக்கும். அதனால் திருப்பிப் போடும் வரியை ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் ஓடும் எரர் ஃபங்ஷனிலும் சேர்த்துவிடுங்கள்.