ஆயா பேரை பேத்திக்கு வைக்கும்போது

முதல் வேலை, ஆயாவின் சரியான பெயரைக் கண்டுபிடிப்பது. இது கூடவா தெரியாது என்று தோன்றும். ஆனால் தெரு முழுக்க 'பேபிம்மா' என்று கூப்பிடும் ஆயாவுக்குப் பத்திரத்தில் கன்னியம்மாள் என்று பெயர் இருக்கும். ரேஷன் கார்டில் அதே பெயர் கண்ணம்மாள் ஆகியிருக்கும். கார்டை நம்ப வேண்டாம், அது காதில் விழுந்தபடி யாரோ எழுதியது. கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். இவை கிடைக்காவிட்டால் பரணில் இருக்கும் சீர் பாத்திரங்களை இறக்குங்கள். பித்தளைக் குடத்தின் கழுத்திலும் எவர்சில்வர் தட்டின் விளிம்பிலும் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அது கொடுத்தவர் பெயரா, வாங்கிக்கொண்டவர் பெயரா என்று மட்டும் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆயாவோடு நிற்காதீர்கள். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் பூட்டி வரைக்கும் போனால் எட்டுப் பத்துப் பெயர் சேரும். அஞ்சலை, அலமேலு, அபரஞ்சி, மரகதாம்பாள், தனபாக்கியம், அம்சவேணி, வடிவாம்பாள், பச்சையம்மாள், எல்லம்மாள் என்று வடசென்னைக் குடும்பங்களில் அப்படியே இருக்கின்றன. தெலுங்கு பேசும் வீடுகளில் மங்கம்மா, நாகரத்தினம்மா வரும். ராயபுரத்தில் ஆரோக்கியமேரியும் பிலோமினாவும், மண்ணடியில் ஆமினாவும் கதீஜாவும் கிடைப்பார்கள். கடைசி இரண்டு பெயரும் பழசாகவே இல்லை. அவற்றுக்கு எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

மற்ற பெயர்களைத் தலை, வால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மாள், ஆம்பாள், அம்மா, ஆயி, பாய் இவையெல்லாம் வால். பெரும்பாலும் பெயர் 'பழைய பெயர்' என்று ஒலிப்பது இந்த வாலால்தான். வாலை எடுத்த பிறகும் தலை தனியாக நிற்கிறதா? மரகதாம்பாளில் மரகதம் நிற்கும். வடிவாம்பாளில் வடிவு நிற்கும். அம்சவேணியை அம்சா என்றும் வேணி என்றும் இரண்டாக்கலாம். கன்னியம்மாளில் 'கன்னி' தனியாக நிற்காது, அந்தப் பெயரை முழுசாக வைப்பதே நல்லது. அலமேலு, அஞ்சலை, அபரஞ்சி ஆகியவற்றைத் தொடவே கூடாது. அலமேலு என்பது அலர்மேல் மங்கை, மலர்ந்த தாமரை மேல் இருப்பவள். அபரஞ்சி என்றால் புடம் போட்ட பொன். அஞ்சலை, முனியம்மா என்றதும் சிலர் தயங்குவது சினிமா இந்தப் பெயர்களை வீட்டு வேலைக்காரிக்கும் காமெடிக்கும் கொடுத்துப் பழக்கியதால். கடலூரில் சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற அஞ்சலை அம்மாளின் பெயர் அது. தயங்காமல் வைக்கலாம்.

குப்பம்மாள், பிச்சையம்மாள், போதும்பொண்ணு மாதிரிப் பெயர்களில் கவனம் வேண்டும். முதல் இரண்டும், பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று வைத்தவை. குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து, அல்லது பிச்சையாக வாங்கியதாகச் சொல்லிப் பெயரிடுவார்கள். கடைசிப் பெயர் பெண் பிள்ளை போதும் என்ற சலிப்பில் வந்தது, அதைப் பேத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. குப்பம்மாளை அப்படித் தள்ளிவிட மனசு வரவில்லை என்றால், அந்த ஆயா எந்த அம்மனைக் கும்பிட்டார் என்று கேட்டு, அங்கிருந்து பெயர் எடுங்கள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் என்றால் வடிவு, வடிவுக்கரசி. பௌர்ணமிக்கு மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று கோயிலும் போனவராக இருந்தால் இன்னும் இரண்டு பெயர் கிடைக்கும்.

ஆயா உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டுவிடுங்கள். தன் பெயர் பிடிக்காமலே வாழ்ந்தவர்கள் உண்டு.

இனி வீட்டுக்குள் வரும் சிக்கல். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டவும் முடியாது. அதனால்தான் அம்மு, பாப்பா, பட்டு என்று கூப்பிடு பெயர் வந்து, ஆயா பெயர் சர்டிபிகேட்டோடு நின்றுபோகிறது. இதைத் தவிர்க்க, வாலை எடுத்த பெயரையே கூப்பிடும் பெயராக வையுங்கள். ஆயா மரகதாம்பாள், பேத்தி மரகதம், மருமகளுக்கும் சங்கடமில்லை. இரண்டு ஆயா பெயரையும் ஒட்டவைப்பது பெரும்பாலும் சரிப்பட்டு வராது. நீளமாகி, பள்ளியில் டீச்சரே பாதியை வெட்டிவிடுவார். ஒன்றை இந்தப் பிள்ளைக்கு வைத்து, மற்றதை அடுத்ததற்கு வையுங்கள்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்கள் பாதத்தையும் பார்க்க வேண்டும். ரோகிணி இரண்டாம் பாதத்துக்கு 'வ', வடிவு பொருந்தும். மகம் முதல் பாதத்துக்கு 'ம', மரகதம் பொருந்தும். எழுத்து ஒத்துவராவிட்டால், காதில் மூன்று முறை சொல்லும் பெயரை ஜாதகப்படி வைத்து, பதிவில் ஆயா பெயரை எழுதலாம். நியூமராலஜிக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டுவதென்றால் பதிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு கூட்டினால் ஆதாரும் பள்ளிச் சான்றும் வேறு வேறாகிவிடும்.

பெயரைப் பதிய அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், மருத்துவமனையில் பிறந்தால் அதை அவர்களே செய்வார்கள். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. போக வேண்டியது பிறந்த இடத்துக்குரிய அலுவலகத்துக்கு, குடியிருக்கும் இடத்துக்கு அல்ல. வீடு எண்ணூரில் இருந்தாலும் பிரசவம் ராயபுரம் மண்டலத்தில் நடந்திருந்தால் ராயபுரத்துக்குத்தான் போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டும்.

படிவம் எழுதுமுன், பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி இரு வீட்டாருக்கும் காட்டுங்கள். மரகதத்தின் 'த'வுக்கு டி.எச். போடுவதா, டி மட்டுமா என்பதை அங்கேயே முடிவு செய்ய வேண்டும். கூடவே, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் அப்பா அல்லது அம்மா பெயரின் எழுத்தையும் சரிபாருங்கள். வளைகுடாவில் உறவு உள்ள வீடுகளுக்கு இது முக்கியம்: ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து விசிட் விசா தருவதில்லை.