கஸ்டம்ஸில் கரைந்த காசு: வெளிநாட்டுப் பார்சலில் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி கூரியர் பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணே, சுங்க வரி 10 சதவீதம், மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். 100க்கு வாங்கின பொருளுக்கு 30 தானே வரணும்? 38.40 போட்டிருக்கான், மேலே சேவைக் கட்டணம் வேற." நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு இதே முகத்தை வைத்துக்கொண்டு நின்றவன்தான். பெட்டியில் முகவரியைச் சரியாக எழுதுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

பொருளின் விலைக்கு மட்டும் கணக்குப் போடுவது

தம்பியின் பில்லில் தவறே இல்லை. அனுப்பும் செலவு 20. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் உட்படப் பல இடங்களில் விலையோடு சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்ததுதான் வரிக்கான மதிப்பு. ஆக 120க்குப் பத்து சதவீதம் 12. இப்போது 132. மதிப்புக்கூட்டு வரி இந்த 132க்கு, அதாவது 26.40. வரிக்கு மேல் வரி. அமெரிக்காவில் சுங்க மதிப்பில் சர்வதேசச் சரக்குக் கட்டணம் சேராது. அதனால் அந்த நாட்டு ஆள் போட்ட கணக்கைப் பார்த்து நீங்கள் போடாதீர்கள். சேவைக் கட்டணம் என்பது உங்கள் சார்பில் கூரியர்காரர் வரியைக் கட்டி, தாள்களை நகர்த்தியதற்கான கூலி. அது அரசுக்குப் போவதில்லை. சின்னப் பொருளுக்குச் சில சமயம் வரியைவிட அதுவே அதிகமாக இருக்கும்.

அனுப்பும் நாட்டைப் பார்த்து வரி கணிப்பது

பொருள் எங்கே தயாரானது என்பதுதான் கணக்கு, எங்கிருந்து கிளம்பியது என்பதல்ல.

'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்வது

வேண்டாம். கடை அனுப்புவது அன்பளிப்பாகாது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதே ரகம்தான். பார்சல் தொலைந்தால் எழுதிய விலைக்குத்தான் நஷ்ட ஈடு கேட்க முடியும்.

பழுதுக்கு அனுப்பும்போது தாள் இல்லாமல் அனுப்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். வெளிநாட்டிலிருந்து ஒரு கேமரா லென்ஸ் வாங்கி, வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டி எடுத்தேன். ஆறாவது மாதம் ஃபோகஸ் மோட்டார் படுத்துவிட்டது. வாரண்டி இருந்தது. திருப்பி அனுப்பச் சொன்னார்கள். சாதாரணத் தபாலில் போட்டேன். ரசீதில் எடையும் தேதியும் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பழுது நீக்கிய அதே லென்ஸ், முழு விலை எழுதிய இன்வாய்ஸோடு வந்தது. மறுபடி முழு வரி. என் பொருள்தான், போய்வந்தது என்றேன். "இதே லென்ஸ்தான் வெளியே போனது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் அதிகாரி. கேள்வி நியாயமானது, அதுதான் இன்னும் கோபம். சீரியல் எண்ணை நான் எங்கேயுமே எழுதவில்லை. ஒரே லென்ஸுக்கு இரண்டு முறை வரி கட்டினேன்.

பழுது பார்த்துத் திரும்பும் பொருளுக்குப் பல நாடுகளில் வரிச் சலுகை உண்டு. ஆனால் அதற்கான வேலை பொருள் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. போகும்போதே சுங்கப் படிவத்தில் "பழுதுக்காக அனுப்பப்படுகிறது, திரும்பி வரும்" என்று எழுதி, சீரியல் எண்ணையும் சேருங்கள். முதல் முறை வரி கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நாட்டில் முன் அனுமதி வேண்டுமா என்று சுங்கத் துறையிடமே கேளுங்கள். திரும்பும் இன்வாய்ஸில் பொருளின் மதிப்பு, பழுது பார்த்த கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இலவசமாகத்தானே செய்தார்கள் என்று மதிப்பு பூஜ்யம் எனப் போடச் சொல்லாதீர்கள். காசு கைமாறாவிட்டாலும் பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதுதான் சுங்கத்தின் கணக்கு. பூஜ்யத்தைப் பார்த்தால் அவர்களே ஒரு விலை வைப்பார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

இன்னொன்று. பழுது பார்க்காமல் புதுசே கொடுத்துவிட்டால் சீரியல் எண் மாறிவிடும். அப்போது போனதும் வந்ததும் ஒரே பொருள் அல்ல, விதியும் வேறாகலாம். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தாலும் கடை தருவது பொருளின் விலையை மட்டும்தான். கட்டிய இறக்குமதி வரி தானாக வராது. கெடு முடிவதற்குள் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய வரம்புகளை நம்புவது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை மதிப்புக்கூட்டு வரி இல்லை என்பது 2021 ஜூலை 1 அன்றே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை சுங்க வரி இல்லை என்ற சலுகையும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. இரண்டையும் இன்றும் நடப்பில் இருப்பதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கும் அன்றைக்கு உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தைப் பாருங்கள்.

டி.டி.பி.யா, டி.ஏ.பி.யா என்று பார்க்காமல் பணம் கட்டுவது

கடை பொருளை அனுப்பும் இரண்டு முறைகள் இவை (DDP, DAP). முன்னதில் வரி விற்பவர் தலையில். பின்னதில் உங்கள் தலையில்.

'வரி பாக்கி' என்று வரும் குறுஞ்செய்தி

இணைப்பைத் தொடாதீர்கள். பார்சல் எண்ணைக் கூரியர் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.