நியூயார்க் மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்க: 90 நாள் கெடுவும் மற்ற பொறிகளும்

நியூயார்க் நகரத்தில் நடைபாதை தடுக்கி விழுந்து கை முறிந்தாலோ, குப்பை லாரி உங்கள் காரை இடித்தாலோ, எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போக முடியாது. தனியாரின் கவனக்குறைவால் அடிபட்டிருந்தால் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. மாநகராட்சி என்றால், சம்பவம் நடந்து 90 நாளுக்குள் ‘நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம்’ (இழப்பீடு கோரும் எழுத்துபூர்வ அறிவிப்பு) கொடுத்தாக வேண்டும். மாநிலப் பொது முனிசிபல் சட்டத்தின் 50-ஈ பிரிவு அப்படிச் சொல்கிறது. அதன் பிறகும் வழக்குக்கு 1 ஆண்டும் 90 நாளும்தான், அதுவும் சம்பவ நாளிலிருந்தே எண்ண வேண்டும். மரணம் என்றால் கணக்கு வேறு: இறந்தவரின் சட்டப் பிரதிநிதி நியமிக்கப்பட்டதிலிருந்து 90 நாள், வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

நோட்டீஸில் உங்கள் பெயர், முகவரி, வக்கீல் இருந்தால் அவர் விவரம், என்ன நடந்தது, எப்போது, எங்கே, எப்படி, என்னென்ன இழப்பு என்று எழுதி, உண்மை என உறுதிமொழி அளிக்க வேண்டும். ‘எங்கே’ என்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். தெருப் பெயர் மட்டும் போதாது. எந்தக் கட்டட எண்ணுக்கு முன்னால், சாலை முனையிலிருந்து எத்தனை அடி, நடைபாதையா, கர்ப் (நடைபாதை விளிம்புக் கல்) ஓரமா என்று எழுதுங்கள். பள்ளத்தை அளவுகோல் வைத்து அன்றைக்கே படமெடுங்கள்; நகரம் நாளைக்கே தார் ஊற்றி மூடிவிடலாம்.

நோட்டீஸை நகரத்தின் நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு நேரிலோ, பதிவுத் தபாலிலோ, அவர்கள் தளத்தின் ஈ-கிளெய்ம் என்ற ஆன்லைன் படிவம் வழியாகவோ கொடுக்கலாம். சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சுரங்க ரயிலை நடத்தும் டிரான்சிட் அத்தாரிட்டியும், அரசு மருத்துவமனைகளை நடத்தும் ஹெல்த் + ஹாஸ்பிடல்ஸும் சட்டப்படி தனி அமைப்புகள். ரயில் நிலையப் படியில் விழுந்துவிட்டு மாநகராட்சிக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்தால் 90 நாளும் வீணாகும். சந்தேகம் இருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள்.

கொடுத்து 30 நாள் கழித்துத்தான் வழக்குப் போடலாம். இடையில் அதே சட்டத்தின் 50-ஹெச் பிரிவுப்படி நகரம் விசாரணைக்கு அழைத்தால், சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் தர வேண்டும். போகாமல் வழக்குத் தொடுத்தால் தள்ளுபடியாகும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், சாலை, நடைபாதைக் கேஸ்களில் இன்னொரு பூட்டு இருக்கிறது. நகர நிர்வாகச் சட்டம் 7-201-இன்படி, அந்தக் குறைபாடு பற்றி மாநகராட்சிக்கு முன்பே எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய 15 நாளும் கடந்திருக்க வேண்டும். நகரத்தின் புகார் எண்ணான 311-க்கு யாரோ போன் செய்தார்கள் என்பதை நம்பி இறங்க வேண்டாம். இதற்காகவே காயமடைந்தோர் தரப்பு வக்கீல்கள் ‘பிக் ஆப்பிள்’ என்ற அமைப்பை உண்டாக்கி, நடைபாதைக் குறைகளைக் குறியிட்ட வரைபடங்களை நகரத்திடம் சேர்ப்பித்தார்கள். ஆனால் குறி பொருந்த வேண்டும். வரைபடத்தில் மேடு என்று இருந்து நீங்கள் பள்ளத்தில் விழுந்திருந்தால் உதவாது. நகரமே வேலை செய்து அந்த ஆபத்தை உடனடியாக உருவாக்கியிருந்தால் முன்புகார் இல்லாமலும் வாதாடலாம்.

பிரதிவாதி யார் என்பதையும் முதலில் பாருங்கள். 2003 செப்டம்பர் முதல், கடை அல்லது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு முன்னுள்ள நடைபாதைக்குக் கட்டட உரிமையாளரே பொறுப்பு. உரிமையாளர் குடியிருக்கும், குடியிருப்புக்கு மட்டுமே பயன்படும் ஒன்று முதல் மூன்று குடும்ப வீடு என்றால் பொறுப்பு நகரத்துடையது. மரக்குழியும் கர்பும் நகரத்தின் கணக்கிலேயே வரும்.

90 நாள் தவறிவிட்டால் தாமத நோட்டீஸுக்கு கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். நகரத்துக்கு விவரம் காலத்தோடு தெரிந்திருந்ததா என்பதையே நீதிபதி முக்கியமாகப் பார்ப்பார். ‘சட்டம் தெரியாது’ என்ற காரணம் எடுபடாது. வழக்குக்கான 1 ஆண்டு 90 நாளும் முடிந்துவிட்டால் அனுமதி தர அவருக்கே அதிகாரமில்லை. சிறுவர்களுக்கு வழக்குக் கெடு நீளும், ஆனால் நோட்டீஸின் 90 நாள் தானாக நீளாது. தண்டனை இழப்பீடு (உண்மை இழப்புக்கு மேல், தவறு செய்தவரைத் தண்டிக்க விதிக்கும் தொகை) எந்த நிலையிலும் மாநகராட்சியிடம் கிடைக்காது. ஆகவே மருத்துவ ரசீது, சம்பள இழப்பு, ரிப்பேர் பில் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.