துப்பாக்கி தானாக வெடித்ததா? கேஸைக் கெடுத்துக்கொள்ளும் தவறுகள்

1994-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வீடு. மலிவு விலைக் கைத்துப்பாக்கி ஒன்று. உள்ளே இருக்கும் தோட்டாவை எடுத்துவிடலாம் என்று இருபது வயது இளைஞர் ஒருவர் அதைக் கையில் எடுக்கிறார். அந்த மாடலில் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால், ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, பின்னால் இழுக்க முடியாது. அதாவது, துப்பாக்கியைக் காலி செய்யவே முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். எடுத்தார். வெடித்தது. அங்கே இருந்த ஏழு வயதுச் சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துபோனது.

சுட்டவர் கை தவறு என்று முடித்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் 2003-ல் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த தீர்ப்புக் குழு) அப்படி முடிக்கவில்லை. காலி செய்வதற்கே சேஃப்டியை எடுக்க வைக்கும் வடிவமைப்பு கோளாறானது என்று சொல்லி, தயாரித்த பிரைகோ நிறுவனமும் அதன் பின்னால் இருந்த உரிமையாளரும் சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அந்தப் பணம் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இப்படி அடிபட்ட பலர் வக்கீல் வாசலையே மிதிப்பதில்லை. "துப்பாக்கிக் கம்பெனி மேல கேஸ் போட முடியாதாமே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, துப்பாக்கியை வைத்து யாரோ குற்றம் செய்தால் அதற்காகத் தயாரிப்பாளரையும் கடைக்காரரையும் இழுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது: வழக்கமாகப் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தும்போது, வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள கோளாறால் காயம் ஏற்பட்டால் வழக்குப் போடலாம். துப்பாக்கி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் நின்றவர் அடிபட்டாலும் அவருக்கும் உரிமை உண்டு.

அந்த விதிவிலக்குக்குள் ஒரு கொக்கி இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களே அதில் மாட்டுகிறார்கள். வெடித்ததற்குக் காரணம் ஒருவர் மனமறிந்து செய்த செயல், அந்தச் செயல் குற்றம் என்றால், கதவு மூடிக்கொள்ளும். இல்லினாய் மாநிலத்தில் பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவின் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றினான். காலியாகிவிட்டது என்று நினைத்து விசையை அழுத்தினான். உள்ளே ஒரு தோட்டா மிச்சம் இருந்தது, நண்பன் இறந்தான். சிறார் நீதிமன்றம் அந்தப் பையனைக் குற்றவாளி என்று கண்டது. அதையே காட்டி, தயாரிப்பாளர் மீதான வழக்கு செல்லாது என்று 2009-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இது கடுமையான தீர்ப்பாகவே படுகிறது. ஆனாலும் பாடம் தெளிவு. சம்பவத்தை ஒட்டி போலீஸ் கேஸ் ஏதாவது இருந்தால், "சின்னக் குற்றம்தானே, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சிவில் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. வைத்திருந்ததே சட்டவிரோதம் என்ற காரணத்தால், துப்பாக்கி வெடித்து இறந்தவரின் குடும்பம் போட்ட வழக்கை மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல் நிராகரித்திருக்கிறது.

சரி, இனி துப்பாக்கிக்கே வருவோம். எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது.

ரெமிங்டன் 700 என்ற ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய விசை அமைப்பில், விசைக்கு முன்னால் ஒரு சிறிய உலோகத் துண்டு எதிலும் பிணைக்கப்படாமல் ஸ்ப்ரிங்கின் அழுத்தத்தில் நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விசையை விட்டு விலகித் திரும்பி வர வேண்டும். அந்த இடைவெளியில் தூசோ, துருவோ, கெட்டிப்பட்ட எண்ணெயோ சிக்கினால் துண்டு சரியாக உட்காராது. அப்போது சேஃப்டியை எடுத்தாலே வெடிக்கலாம் என்பதுதான் வழக்குகளில் சொல்லப்பட்டது. 2000-ல் மொன்டானாவில் ஒரு தாய் சேஃப்டியை எடுத்தபோது வெடித்ததில் ஒன்பது வயது மகன் இறந்துபோனான். அந்த விசையை வடிவமைத்த பொறியாளரே 1948-ல் பாதுகாப்பான மாற்று ஒன்றை எழுத்தில் பரிந்துரைத்திருக்கிறார். கூடுதல் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி கடைசிவரை கோளாறு இல்லை என்றே சொன்னது.

இப்போது யோசியுங்கள். விபத்து முடிந்து வீட்டுக்கு வந்து, மனசு கேட்காமல் அந்த ரைஃபிளைக் கழற்றி, கரைப்பான் ஊற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு வைக்கிறீர்கள். உங்கள் ஒரே சாட்சியைக் கழுவி ஊற்றிவிட்டீர்கள். இந்த வகைக் கோளாறு நூறு முறை சோதித்தாலும் வராமல், நூற்றியோராவது முறை வரும். "திரும்ப வருதா பார்ப்போம்" என்று நீங்களே சுட்டுப் பார்ப்பதும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிப்பதும் அதே கதைதான். ஆபத்தில்லாமல் தோட்டாவை மட்டும் எடுக்க முடிந்தால் எடுத்து, அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். உள்ளே சிக்கியிருப்பதைப் பிரிக்காமல் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு தரப்பு ஆட்களும் கூடி, கேமரா ஓட, பிரிப்பார்கள்.

இன்னொன்று, கம்பெனிக்கு அனுப்பிவிடுவது. "இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று கடிதம் வரும். சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கிக்கு 2017-ல் அப்படி ஒரு திட்டம் வந்தது. உள்ளே இருக்கும் விசையும் சில பாகங்களும் மாற்றப்பட்டன. யாருக்கும் அடிபடவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள், அனுப்பாமல் இருப்பதுதான் முட்டாள்தனம். அடிபட்ட பிறகு அனுப்பினால், பழைய பாகங்கள் எதிர்த்தரப்பின் கையில்.

போலீஸ் எடுத்துப்போன துப்பாக்கி பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. கேஸ் முடிந்ததும் அழித்துவிடலாம், உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தும்விடலாம். அதைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி வக்கீல் மூலம் முதல் வாரத்திலேயே கடிதம் போக வேண்டும். கூடவே காலித் தோட்டா, தோட்டா வந்த அட்டைப்பெட்டி, அதில் அச்சிட்ட லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டுவது) எல்லாம் வேண்டும். குழல் வெடித்த கேஸில் கோளாறு துப்பாக்கியிலா தோட்டாவிலா என்பதைக் கண்டுபிடிக்க அந்த எண் உதவும். துப்பாக்கி உறையும் அப்போது உடுத்தியிருந்த துணியும்கூடச் சாட்சிதான். பி320 வழக்குகளில் கம்பெனியின் வாதமே "எதுவோ பட்டு விசை அழுந்தியிருக்கிறது" என்பதுதான். 2024 நவம்பரில் ஃபிலடெல்ஃபியா ஜூரி 1.1 கோடி டாலர் கொடுத்த வழக்கில், துப்பாக்கி உறைக்குள், உறை ஜிப் போட்ட பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ரத்தக்கறை என்று அந்த பேன்ட்டை மருத்துவமனையில் குப்பையில் போட்டிருந்தால்?

அதே துப்பாக்கி மீதான வேறு வழக்குகள் நிபுணர் சாட்சி போதாமல் தள்ளுபடியும் ஆகியிருக்கின்றன. 2025 ஜூலையில் வயோமிங்கில் ஒரு விமானப்படை வீரர் இறந்தபோது, அதன் ராணுவ வடிவமான எம்18-ஐப் பயன்படுத்துவதையே விமானப்படையின் ஒரு கட்டளையகம் நிறுத்திவைத்தது. சில வாரங்களில் அந்தச் சாவை ஒட்டி இன்னொரு வீரர் கைதானார். துப்பாக்கிதான் காரணமா என்பதே கேள்வியாகிவிட்டது. எனவே "தானாக வெடித்தது" என்ற பேச்சை மட்டும் வைத்து எந்த ஜூரியும் பணம் தராது.

பேச்சு என்றதும் இன்னொன்று. மருத்துவமனையில் நர்ஸ் கேட்பார், "என்ன ஆச்சு?" வலியிலும் வெட்கத்திலும் "என் விரல் பட்டிருக்கும்" என்போம். அது மருத்துவக் குறிப்பில் ஏறி, இரண்டு வருஷம் கழித்துப் பெரிய எழுத்தில் திரையில் வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள். ஃபேஸ்புக்கில் காயத்துக்குப் போட்ட கட்டைக் காட்டிப் போட்டோ போடுவதும் வேண்டாம்.

அரசாங்கம் ரீகால் (கோளாறான பொருளைத் திரும்பப் பெறுவது) அறிவிக்கட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. டோஸ்டருக்கும் தொட்டிலுக்கும் ரீகால் உத்தரவிடும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரமே கிடையாது. 1972-ல் அதை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியை விலக்கிவிட்டது. கம்பெனி தானாக மனசு வைத்தால்தான் ரீகால்.

காத்திருக்கும்போது கெடு ஓடிவிடும். காயத்துக்கு வழக்குப் போட டெக்சாஸில் இரண்டு வருஷம், டென்னசியில் ஒரே வருஷம். அதற்கு மேல் இன்னொரு கெடு, பொருள் விற்ற நாளிலிருந்து எண்ணுவது: டெக்சாஸில் 15 வருஷம், டென்னசியில் 10. தாத்தா வைத்துவிட்டுப் போன ரைஃபிள் நேற்று வெடித்திருந்தாலும் கேஸ் காலாவதியாகியிருக்கலாம்.

கூட்டு வழக்குச் சமரசம் என்று தபாலில் வரும் காகிதத்தை வைத்துக் குழம்பவும் வேண்டாம். ரெமிங்டன் சமரசம் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளைத் தொட்டது. தந்தது விசையை மாற்றிக்கொள்ளும் வசதி, சில மாடல்களுக்குச் சிறு தொகைக்கான கூப்பன். காயத்துக்கான உரிமை அதில் அடங்கவில்லை. அடிபட்டவர் தனியாகத்தான் கேட்க வேண்டும். எந்தக் காகிதமானாலும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம்; ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம்வரை எடுப்பதுதான் வழக்கம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தோற்றால் நிபுணர் செலவு யார் தலையில்? அந்தச் செலவு பெரியது. அப்புறம், கிடைக்கும் தொகையிலிருந்து ஆஸ்பத்திரி பில் கட்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தன் பங்கைக் கேட்கும்.

யார் மேல் கேஸ் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ரெமிங்டன் 2018-ல் ஒரு முறை, 2020-ல் மறுபடியும் திவால் நீதிமன்றம் போய், கடைசியில் துண்டு துண்டாக விற்கப்பட்டது. டெக்சாஸில் சாதாரணமாகக் கடைக்காரரைப் பிடிக்க முடியாது. தயாரிப்பாளர் திவாலாகிவிட்டால் பிடிக்கலாம். தயாரிப்பாளரின் பழைய காப்பீட்டுப் பாலிசிகளைத் தேடுவதும் முதல் மாதத்து வேலை.

பிரைகோ விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு வந்த கையோடு கம்பெனியும் உரிமையாளரும் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். 2004-ல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. பதின்ம வயதில் சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பையன், நன்கொடை திரட்டி, அங்கே இருந்த துப்பாக்கிகளையெல்லாம் வாங்கி உருக்கிவிட வேண்டும் என்று தானும் ஏலம் கேட்டான். கிடைக்கவில்லை. 5,10,000 டாலருக்கு எடுத்தவர் அதே தொழிற்சாலையின் பழைய மேலாளர்.