உம் கொட்டத் தெரிந்தால் போதும்: சொல்லில்லாப் படப்புத்தகமும் நம் தவறுகளும்

எழுத்தே இல்லாத படப்புத்தகம் கையில் கிடைத்தால் பெரியவர்களுக்குத்தான் கை கால் ஓடாது. வாசிக்க ஒன்றும் இல்லையே! உடனே நாமே ஒரு கதையைக் கட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். அக்கா மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். யானைக்குப் பிளிறல், குரங்குக்குக் கீச்சுக்குரல் என்று ஒரே அமர்க்களம். மறுநாள் அதே புத்தகத்தோடு வந்து, "சித்தி, நேத்து சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள். இந்தப் படங்களுக்கு ஒரே ஒரு கதைதான், அதுவும் சித்திக்குத்தான் தெரியும் என்று அவளுக்குப் பதிந்துவிட்டது.

பாட்டி கதை சொன்னால் கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். இந்தப் புத்தகங்களில் இடம் மாறி உட்கார வேண்டும், அவ்வளவுதான். கதை பிள்ளையுடையது, உம் நம்முடையது.

அடுத்த தவறு, பரீட்சை வைப்பது. "இது என்ன கலர்? எத்தனை பறவை?" இப்படிக் கேட்டால் "சிவப்பு", "மூணு" என்று பதில் வரும், கதை வராது. "இவன் ஏன் எட்டிப் பார்க்கிறான்?" என்று கேட்கலாம். வெறும் "அப்புறம்?" கூடப் போதும். ஆனால் கேட்டபின் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். இரண்டு நொடி மௌனம் நமக்கு இரண்டு நிமிடமாகத் தோன்றும். பிள்ளையோ அந்த நேரத்தில் பக்கத்தின் மூலையில் இருக்கும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என் பிள்ளைக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை" என்று கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட ஒரு தவளைக் கதை உண்டு. சொல்லே இல்லை, 24 படங்கள். ஜாடியிலிருந்து தப்பிய தவளையை ஒரு பையனும் நாயும் தேடிப் போகிறார்கள். மொழி ஆய்வாளர்கள் ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் இதே புத்தகத்தை ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி என ஐந்து மொழிப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கதை சொல்லவைத்து, 1994இல் நூலாக்கினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார்கள்: நாய் இருக்கிறது, பையன் விழுகிறான். ஐந்து வயதில் ஒன்றோடொன்று கோக்கத் தொடங்குகிறார்கள். எல்லாமே தவளையைத் தேடத்தான் நடக்கிறது என்று ஒரே இழையில் சொல்வது ஒன்பது வயதை ஒட்டித்தான் சரளமாகிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் முழுக்கதை கேட்பது, பூ விட்ட மரத்தடியில் கூடையோடு நிற்பது போலத்தான்.

தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் காது வைத்துக் கேட்பது ஒரே ஒரு விகுதியை. "பையன் நிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, ஒரு நாள் "அந்தப் பையன் காட்டுக்குப் போனானாம்" என்று சொல்லும். அந்த 'ஆம்' வந்துவிட்டதா, சரி, கதைசொல்லி வந்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து, "அது நாயில்லை கண்ணு, நரி" என்று திருத்தாதீர்கள். நரி நாயாகிப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதை நாயாக்கித்தானே அதற்கு ஒரு வீடும் எசமானும் கிடைத்தார்கள். பெயர் சொல்லித்தர விலங்கு அட்டைகள் தனியாக இருக்கின்றன.

மொழியிலும் கை வைக்க வேண்டாம். இதையாவது இங்கிலீஷில் சொல்லட்டும் என்று ஒரு வீட்டில், சுத்தத் தமிழில் சொல்லட்டும் என்று இன்னொரு வீட்டில். வீட்டுப் பேச்சில் வருகிற கதைக்குத்தான் உயிர் இருக்கும். சொல்லில்லாப் புத்தகத்தின் பலமே அது எந்த மொழிக்கும் சொந்தமில்லை என்பதுதான். அதனால்தான் இத்தாலியின் லாம்பெடூசா தீவில் கடல் தாண்டி வந்து இறங்கும் அகதிக் குழந்தைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் மனதில் வைத்து, ஐபிபிஒய் (IBBY) என்கிற, சிறார் நூல்களுக்கான சர்வதேச அமைப்பு 2012இல் இத்தகைய புத்தகங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டத் தொடங்கியது. நம் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி இருந்தால், பேத்தியோடு உட்கார அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

சின்னத் தவறுகளும் உண்டு. அட்டையையும் அதன் உள்பக்கத்தையும் தாண்டிப் போவது. கதை சில சமயம் அங்கேயே தொடங்கிவிடும். படத்துக்குக் கீழே பேனாவால் வசனம் எழுதிவைப்பது. ஒரு முறை பார்த்ததும் "முடிச்சாச்சு" என்று அலமாரியில் ஏற்றுவது. எல்லாவற்றையும்விட, கடைசியில் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று நீதி கேட்பது. என் பள்ளிக்கூட நாட்களில் அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிக் கதைகள் பிடிக்காமல் போயின.

தவளைக் கதையின் கடைசிப் படத்தில் பையன் ஒரு தவளையோடு கிளம்புகிறான். ஒரு தவளைக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் கையில் இருப்பது தொலைந்ததா, வேறொன்றா? அக்கா மகள் வெகுநேரம் அதையே பார்த்தாள். "அந்தத் தவளைக்கு வீட்ல வேலை இருக்காம் சித்தி. அதான் பிள்ளைய அனுப்பிவிட்டுச்சாம்."

"ம்" என்றேன்.