உங்கள் ஜோடியை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றுவது எப்படி? முதல் ஃபேன்ஃபிக்குக்கு ஒரு செய்முறை

சீரியலோ நாவலோ, கதையில் வரும் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துப் பார்த்து உருகுகிறவர்களுக்கு ‘ஷிப்பர்’ என்று பெயர். உருகியதை எழுதினால் ஃபேன்ஃபிக். இங்கே நாம் எழுதப்போவது ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய ஒன்ஷாட்: 1,200 முதல் 1,500 சொல், மூன்று காட்சி, இரண்டு பாத்திரம். களம் சேலமும் ஏற்காடும். முதல் முயற்சியிலேயே நாற்பது அத்தியாயம் என்று அறிவிக்காதீர்கள்; ஐந்தாவதில் நின்றுவிடும், வாசகர் திட்டுவார்கள்.

விளக்கத்துக்காக ஒரு ஜோடியை நாமே செய்துகொள்வோம். தாமரை வங்கியில் காசாளர். அப்பா பட்ட கடனைப் பார்த்து வளர்ந்தவள், யாருக்கும் ஐந்து ரூபாய்கூடப் பாக்கி வைக்கமாட்டாள். சிவா எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டான், செய்துவிட்டு நகர்ந்துவிடுவான். சீரியலில் இருவரும் சென்னைவாசிகள்.

படி 1: இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

அசல் கதை எங்கே தாவுகிறது என்று பாருங்கள். ‘மூன்று மாதம் கழித்து’ என்று திரையில் எழுத்து வந்தால், அந்த மூன்று மாதம் உங்களுடையது. தாமரையும் சிவாவும் சண்டை போட்டார்கள், அடுத்த எபிசோடில் சிரித்துப் பேசுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது? அதுதான் உங்கள் கதை. அசலில் நன்றாகவே வந்துவிட்ட காட்சியைத் திரும்ப எழுதினால் நகல்தான் மிஞ்சும்.

படி 2: பத்து வரிக் குறிப்பு

இருவரும் சேர்ந்து வரும் மூன்று எபிசோடுகளைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பத்து வரி எழுதுங்கள்: மற்றவரை எப்படிக் கூப்பிடுகிறார், யார் முதலில் பேசுகிறார், கோபம் வந்தால் கத்துகிறாரா மௌனமாகிறாரா, எந்தப் பேச்சைத் தவிர்க்கிறார், கை எங்கே இருக்கிறது. நடிப்பவரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நீங்கள் எழுதுவது பாத்திரத்தை. நடிகர், நடிகையின் சொந்த வாழ்க்கையை இழுப்பது வேறு விவகாரம், அதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

முதல் வரியை, அதாவது கூப்பிடும் முறையை, அலட்சியப்படுத்தாதீர்கள். ‘நீங்க’ ‘நீ’யாக மாறுவதே தமிழில் ஒரு காதல் காட்சி. ஆனால் அது கதையில் ஒரே ஒரு முறைதான் செல்லும். புதிதாக எழுதுகிறவர்கள் முதல் பத்தியில் ‘வாங்க’ என்றும் நான்காவதில் ‘வாடா’ என்றும் எழுதிவிட்டு, கடைசியில் மறுபடி ‘சொல்லுங்க’ என்பார்கள். கடைசிக் காட்சிக்கு வைத்திருந்த வெடி அப்போதே நமத்துப்போகிறது. எழுதி முடித்ததும் எல்லா ‘நீ’, ‘நீங்க’வையும் தேடிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

படி 3: உரிப்பொருள் ஒன்றே ஒன்று

சங்கக் காதல் பாடல்களின் அகத்திணைக் கணக்கு இங்கே அப்படியே உதவும். அதில் ஒவ்வொரு திணைக்கும் உரிய உணர்வுதான் உரிப்பொருள். குறிஞ்சி கூடல், முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. ஒன்ஷாட்டுக்கு இதில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஐந்தையும் 1,500 சொல்லில் திணித்தால் அது கதையாக இருக்காது, டிரெய்லராக இருக்கும். மலை என்றதும் குறிஞ்சிதான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஏற்காட்டில் உட்கார்ந்தும் ஊடலாம். நாம் ஊடலை எடுப்போம், முடியும்போது தணிகிற ஊடல்.

ஒரு விஷயத்தில் மட்டும் தொல்காப்பியத்துக்கு நேரெதிராகப் போகிறோம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது. ஃபேன்ஃபிக்கோ பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. தாமரை யார் என்பது வாசகருக்கு மனப்பாடம். அவள் கூந்தலையும் கண்ணையும் ஒரு பத்தி வர்ணித்து அறிமுகம் செய்யாதீர்கள்.

இனி இருவரையும் சேரவிடாத தடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘அவள் கடன்படமாட்டாள், அவன் கேட்கமாட்டான்.’ இந்த வாக்கியம் கிடைக்காதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 4: ஊர் வேலை செய்ய வேண்டும்

சென்னையில் நடந்தாலும் மாறாத காட்சிக்கு ஏற்காடு எதற்கு? ஒவ்வொரு இடமும் தடையைத் தொட வேண்டும்.

முதல் காட்சி, சேலத்தில் தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. இதை அழகாகச் சாப்பிட யாராலும் முடியாது. கடித்தால் நொறுங்கும், சட்னி விரலில் வழியும். கௌரவம் பார்க்கும் இரண்டு பேரை நிறுத்த இதைவிட நல்ல இடம் இல்லை. சிவா காசு கொடுக்கிறான். பஸ் ஏறுவதற்குள் தாமரை தன் பங்கை ஜிபேயில் அனுப்பிவிடுகிறாள்.

இதையே டவுன் பஸ் டிக்கெட்டை வைத்து எழுதலாமே என்று தோன்றும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிவா அவளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கும் காட்சி அங்கேயே கவிழும்.

இரண்டாம் காட்சி பஸ். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் தோரணம் இந்த ஏற்காடு சாலையில்தான் இருக்கிறது. எத்தனையோ திரை ஜோடிகளைப் படம்பிடித்த இடம், உங்கள் ஜோடியும் அதைத் தாண்டிப் போகட்டும். வளைவில் உடம்பு சாயும், தோள் இடிக்கும், காது அடைக்கும். பேசாத இரண்டு பேரைப் பேச்சே இல்லாமல் நெருங்க வைக்க இது போதும். இருபது வளைவுக்கும் இருபது இடி எழுதிவிடாதீர்கள். இரண்டு போதும்: முதலாவதில் அவள் விலகுகிறாள், இன்னொன்றில் விலகவில்லை.

மூன்றாம் காட்சி மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து இருட்டியபின் பார்த்தால் கீழே சேலம் முழுக்க விளக்கு. பருவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காபி பூப்பது கோடையின் முதல் மழைக்குப் பிறகு, மார்ச், ஏப்ரல் வாக்கில். வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி மணம், சில நாளில் உதிர்ந்துவிடும். டிசம்பர் கதையில் காபிப் பூ மணந்தால் ஏற்காட்டுக்காரர் சிரிப்பார்; அப்போது செடியில் இருப்பது சிவந்த பழம். மூட்டம் இறங்கும், பனிக்கட்டி விழாது. மே மாதம் கோடை விழாக் கூட்டம், தனிமை கிடைக்காது. பஸ் நேரம் தெரியாவிட்டால் ‘கடைசி பஸ்’ என்று மட்டும் எழுதுங்கள்.

படி 5: நடுவிலிருந்து எழுதுங்கள்

பஸ் காட்சியை முதலில் எழுதுங்கள், 600 சொல். பிறகு முடிவு, 400. தொடக்கம் கடைசியில், 300. தொடக்கத்தை முதலில் எழுதுகிறவர்கள் வானிலை வர்ணனையிலேயே 500 சொல்லைக் கரைத்துவிடுவார்கள்.

கதைசொல்லல் எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்ததற்காகச் சென்னைக்காரி கொங்குத் தமிழ் பேசமாட்டாள். ஊர்ப் பேச்சு கண்டக்டருக்கும் கடைக்காரருக்கும் போதும். அவர்களுக்கும் கோயம்புத்தூர்ப் பேச்சை அப்படியே மாட்டாதீர்கள், சேலத்துக்காரருக்குக் காது கூர்மை.

முடிவுக்கு ஒரு மாதிரி. முதல் வரைவில் எல்லாரும் எழுதுவது:

“உங்களை நான் ரொம்பக் காதலிக்கிறேன் சிவா,” என்று கண்ணீர் மல்கக் கூறினாள்.

திருத்தியபின்:

காபிக்கு அவன் காசு கொடுத்தான். தாமரை போனை எடுத்தாள், பார்த்தாள், திரும்பப் பையில் வைத்தாள். “அடுத்த தடவை நான் தரேன். நீ மறக்காம கேளு.”

கடனும் கேட்பதும், தடை வாக்கியத்தின் இரண்டு பாதியும், ஒரே வரியில் அவிழ்கின்றன. ‘நீ’யும் அங்கேதான் முதல்முறை வருகிறது.

படி 6: பெயரை மறைத்துப் படியுங்கள்

இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பிறகு பெயர்களைக் கையால் மறைத்து, உரையாடலை மட்டும் சத்தமாகப் படியுங்கள். வேறெந்த ஜோடிக்கும் பொருந்துகிற வரி இருந்தால் அது உங்கள் ஜோடியின் வரி இல்லை. சிவா திடீரென்று நீளமாகக் காதல் வசனம் பேசுகிறானா? அவன் சிவா இல்லை. போட்டி ஜோடியின் பெண்ணை வில்லியாக்கி இவர்களைச் சேர்ப்பதும் சோம்பேறி வேலை. உங்கள் தாமரை ஜெயிக்க இன்னொருத்தி கெட்டவளாக வேண்டிய அவசியமில்லை.

படி 7: பதிவேற்றுதல்

கதைகளைப் பதிவேற்றும் தளங்களில் வாட்பேட் சுலபம். 2009இல் திறந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் கணக்குக்கு அழைப்பு கேட்டுக் காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே கதையைத் தேட உதவும் டேக் (குறிச்சொல்) வசதி அருமை. இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு (/) போட்டால் காதல் ஜோடி, ‘&’ போட்டால் நட்பு அல்லது உறவு; மாற்றிப் போட்டால் தேடி வந்தவர் ஏமாறுவார். வயது வரம்புக் குறியீட்டை நேர்மையாகப் போடுங்கள்.

காசுக்கு விற்காதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை நூலுக்கு உரிமை உண்டு. ‘பாத்திரங்கள் எனதல்ல’ என்று மேலே எழுதுவது மரியாதைதான், அது சட்டக் கவசம் ஆகாது. நாட்டுடைமையான நூல்களின் ஜோடி என்றால் இந்தக் கவலை இல்லை.

கதைச் சுருக்கம் இரண்டு வரி: ‘தட்டுவடை செட் காசை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னும் இருபது வளைவு இருக்கிறது.’ ‘நீ’ எங்கே வரும் என்பதை அங்கே சொல்லிவிடாதீர்கள்.