கூட்டாளிகளின் லெவல்: புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

பார்ட்டி (கூட வரும் கூட்டாளிகளின் குழு) வைத்து ஆடும் ஃபேன்டஸி ஆர்பிஜிக்கு (பாத்திரங்களை வளர்த்து ஆடும் கேம்) புதிதாக வந்திருக்கும் சில நண்பர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்கள்தான், வரிசை மாறாமல் விழுகிறார்கள். அடிக்கடி சேவ் செய்யுங்கள், மருந்தைச் சேர்த்து வையுங்கள் போன்றவை ஆடும்போதே தெரிந்துவிடும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கூட்டாளிகளின் லெவல் எப்படி ஏறுகிறது என்பதைத்தான் எந்த கேமும் தெளிவாகச் சொல்வதில்லை.

எல்லா கேமிலும் ஒரே கணக்கு என்று நம்புவது

பால்டர்ஸ் கேட் 3-ல் (2023) கேம்பில் சும்மா இருப்பவருக்கும் எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி) வந்துகொண்டே இருக்கும். அதில் தொடங்கியவர்கள் பழைய கேம்களுக்குப் போகும்போது அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் எதிரியைக் கொன்றால் கிடைக்கும் எக்ஸ்பி பார்ட்டியில் இருப்பவர்களுக்குள் பங்கு போடப்படும், வெளியே அனுப்பியவருக்கு ஒன்றும் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 7-ல் வெளியே இருப்பவருக்குப் பாதி. அதே வரிசையில் 10-ஆவதில், சண்டையில் ஒரு தடவையாவது களத்தில் இறங்கிச் செயல்பட்டவருக்குத்தான் புள்ளி. பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரில் இது உங்கள் கையிலேயே இருக்கிறது: கூட வருபவர்களுக்கு மட்டும் எக்ஸ்பி தரலாமா என்று கேட்கும் ஆப்ஷன் கடினத்தன்மை அமைப்புகளுக்குள் இருக்கும்.

"அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். "எப்போது சேர்த்தாலும் என் லெவலுக்குத்தான் வரப்போகிறார், அதற்கு என்ன அவசரம்" என்பார்கள். எண் ஒன்றாக இருக்கும், சரி. ஆனால் ஒவ்வொரு லெவலிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, எந்தத் திறமை, எந்த மந்திரம், லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியை எதில் போடுவது என்று. பன்னிரண்டாவது லெவலில் ஒருவர் வந்து சேர்ந்தால், அதுவரைக்கும் இருந்த அத்தனை முடிவையும் கேம் எடுத்து முடித்திருக்கும், உங்கள் பார்ட்டிக்கு என்ன தேவை என்று அதற்குத் தெரியாது.

ஒரு நண்பர் பூட்டு திறக்கவும் கண்ணி கண்டுபிடிக்கவும் ஒரு திருடன் வேண்டும் என்று கேமின் பாதிக்கு மேல் போனபிறகு தேடிப்போய்ச் சேர்த்தார். வந்தவனின் புள்ளியெல்லாம் ஜேப்படியிலும் மறைந்து நடப்பதிலும் போயிருந்தது. அடுத்த நிலவறையில் முதல் பெட்டியையே திறக்க முடியவில்லை. லெவல் மட்டும் கச்சிதமாக ஒத்துப்போனது.

ட்ராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) இது ரொம்பவே வலிக்கும். சேர்பவர் ஏறத்தாழ உங்கள் லெவலுக்கு வந்துவிடுவார், ஆனால் இடைப்பட்ட புள்ளிகளை முன்பே வகுத்த ஒரு திட்டப்படி கேமே செலவழித்திருக்கும். அடிப்படை கேமில் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை, அவேக்கனிங் விரிவாக்கத்தில்தான் அதற்கென ஒரு புத்தகம் கிடைக்கிறது. தள்ளிப்போட்டால் ஆளே கிடைக்காமல் போவதும் உண்டு. லோதரிங் ஊரில் லெலியானாவையும் ஸ்டெனையும் விட்டுவிட்டுப் போய் ஒரு முக்கிய வேலையை முடித்தால் அந்த ஊரே அழிந்துவிடும்.

முதல் பால்டர்ஸ் கேட்டில் ஒரே ஆளுக்கே வெவ்வேறு லெவலில் பல வடிவங்கள் தயாராக இருக்கும், உங்கள் லெவலுக்கு ஒத்தது வந்து நிற்கும். கதை தொடங்கும் கேண்டில்கீப் கோட்டையை விட்டு வெளியேறியதுமே இமோயென் வந்து சேர்வாள், அப்போதே சேர்த்துக்கொண்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புள்ளியும் உங்கள் கையில். ஆனால் இங்கே சேர்த்துவிட்டு வெளியே அனுப்பினால் அந்த ஆள் அதே லெவலில் நின்றுவிடுவார், அதனால் கடைசிவரை வைத்திருக்கப்போகும் ஆறு பேரை (உங்களையும் சேர்த்து) சீக்கிரமே முடிவு செய்ய வேண்டும். வெளியே இருப்பவருக்கும் எக்ஸ்பி தரும் கேம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கண்ணில் பட்டவரை அன்றைக்கே சேருங்கள், புள்ளியை நீங்களே போடுங்கள்.

பால்டர்ஸ் கேட் 3-ல் கேம்பில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்துக்கு 100 தங்கம் கொடுத்தால் ஆளின் கிளாஸையே (திருடன், மந்திரவாதி போன்ற வகை) மாற்றிவிடலாம். டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-ல் கப்பலில் இருக்கும் கண்ணாடி காசே கேட்பதில்லை. அங்கெல்லாம் தாமதம் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு 2009-க்குப் போகாதீர்கள்.

தானியங்கி லெவல் ஏற்றம்

அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் புள்ளியை கேமே போட்டுவிடும்.

வாடகைக்கு வந்த பான்களை வளர்க்கப் பார்ப்பது

ட்ராகன்ஸ் டாக்மாவில் உங்கள் சொந்தப் பான் (நீங்களே உருவாக்கும் துணையாள்) மட்டுமே உங்களோடு வளரும். கடன் வாங்கிய இருவருக்கு லெவல் ஏறாது, மாற்றிக்கொண்டே இருங்கள்.

லெவல் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று சுற்றுவது

ஃபைனல் ஃபேன்டஸி 8-ல் உங்கள் சராசரி லெவலோடு எதிரியும் ஏறுவான்.

ஒரே எக்ஸ்பி, ஒரே லெவல் என்று எதிர்பார்ப்பது

பழைய ஏடி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் பழைய வடிவம்) விதியில் இரண்டாவது லெவலுக்குத் திருடனுக்கு 1,250 போதும், போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. முதல் பால்டர்ஸ் கேட்டும் இதே அட்டவணைதான். மந்திரவாதி பின்தங்கியதாகத் தெரிந்தால் பதறி வெளியே அனுப்ப வேண்டாம்.

பிடித்தவர்களை மட்டும் வளர்ப்பது

ஃபைனல் ஃபேன்டஸி 6-ன் கடைசிக் கோபுரத்துக்குள் மூன்று குழுவாகப் பிரிந்து போக வேண்டும். வெளியே இருப்பவருக்கு அந்த கேமில் எக்ஸ்பி கிடையாது, நான்கு பேரை மட்டும் தேற்றி வைத்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஆரிஜின்ஸிலும் இறுதிப் போரில், நீங்கள் விட்டுவிட்டுப் போன கூட்டாளிகளை வைத்தே நகர வாசலைக் காக்க வேண்டியிருக்கும். லெவல் ஓரளவு இருக்கும், கவசம்தான் சேர்ந்த நாளில் போட்டிருந்ததாக இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் கேம்புக்குப் போய், பையில் மிச்சமிருக்கும் நல்ல கவசத்தையும் ஆயுதத்தையும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.